மந்தம் யாருக்கு?

“உங்க பொண்ணுக்குப் புத்தி மந்தம், மிஸஸ் பாஸ்கம். இந்த மாதிரிப் பிள்ளைகளுக்குன்னே தனி ஸ்கூல் இருக்கு. ஒரு கையெழுத்துப் போடுங்க, திங்கட்கிழமையே அங்கே மாத்திடலாம்.”

தலைமையாசிரியர் விட்டக்கர் காகிதத்தைத் தள்ளினார். பேனாவைக்கூடத் திறந்தே வைத்திருந்தார்.

ஐசில்டா அதைத் தொடவில்லை. பக்கத்து நாற்காலியில் ஒன்பது வயது மார்வா அழுது வீங்கிய கண்களோடு உட்கார்ந்திருந்தாள். அந்தத் தனி ஸ்கூலுக்குப் போன கறுப்புப் பிள்ளைகள் யாரும் திரும்பி வந்ததில்லை. பர்மிங்ஹாமில் கடல் கடந்து வந்த தீவுக்காரர்கள் கூடும் சர்ச்சிலும் சந்தையிலும் இதே பேச்சுதான்.

“எதை வச்சு சார் மந்தம்னு சொல்றீங்க?”

“பரீட்சை வச்சோம். தண்ணி வர்ற ‘டேப்’ படத்தைக் காட்டி இது என்னன்னு கேட்டா, ‘பைப்’புங்கிறா.”

“எங்க ஊர்ல அதுக்குப் பேரே பைப்புதான்.”

“இது இங்கிலாந்து, மிஸஸ் பாஸ்கம். உங்க தீவுலேருந்து வந்து அரை வருஷமாச்சு, வகுப்புல வாயே திறக்கிறதில்லை. வீட்லயாவது பேசுவாளா?”

“வீட்லயா? வாயை மூடினாத்தானே!”

மார்வா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள்.

“வந்த புதுசுல நானும் பேசினதில்லை சார். கடையில ரொட்டி கேட்டா, ‘என்ன? என்ன?’ன்னு பத்துத் தடவை கேப்பான். கடைசியில விரலை நீட்டிக் காட்டுவேன். மந்தம் எனக்கா, அவனுக்கா?”

விட்டக்கரின் முகம் சிவந்தது. “இதுவரைக்கும் ஸ்கூல் பக்கமே எட்டிப் பார்க்காதவங்க, இன்னைக்கு வந்து எனக்குப் பாடம் நடத்துறீங்களா? பிடிவாதம் வேண்டாம். போடுங்க கையெழுத்தை.”

“போட மாட்டேன். இந்த நாற்காலியை விட்டு எழுந்திரிக்கவும் மாட்டேன். வேணும்னா போலீஸைக் கூப்பிடுங்க. அப்படியே பத்திரிகைக்காரங்களையும் கூப்பிடுங்க.”

மேஜைக்கடியில் அவள் முழங்காலை ஒரு சின்னக் கை வந்து பற்றிக்கொண்டது.

விட்டக்கர் ஜன்னலைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். கடைசியில் காகிதத்தை இழுப்பறைக்குள் போட்டார்.

“சரி, இங்கேயே படிக்கட்டும். வேற டீச்சரை வச்சு மறுபடி பரீட்சை வைக்கிறேன்.”

கேட்டைத் தாண்டிய பிறகுதான் ஐசில்டாவுக்கு மூச்சு வந்தது. குனிந்து மார்வாவின் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

“வீட்டுக்குப் போனதும் உங்கம்மாகிட்ட சொல்லு, யார் எந்தக் காகிதத்தை நீட்டினாலும் கையெழுத்துப் போடக்கூடாதுன்னு. ஆமா, அவங்க ஏன் வரல?”

“அம்மா வேலை செய்ற ஆஸ்பத்திரியில லீவு தரல. ஆன்ட்டி, நீங்க யாரு?”

“நானா? இந்த ஸ்கூல் சமையல்கட்டுல ஆள் வேணும்னாங்க, வேலை கேட்க வந்தேன். நீ வராண்டாவுல தனியா அழுதுக்கிட்டிருந்த. அந்தாளு கதவைத் திறந்து, உன் பக்கத்துல ஒரு கறுப்புப் பொம்பளையைப் பார்த்ததும், ‘உள்ளே வாங்க மிஸஸ் பாஸ்கம்’னாரு. இல்லைன்னு சொல்ல எனக்கு மனசு வரல.”

“ஐயோ! அப்ப உங்க வேலை?”

ஐசில்டா வாய்விட்டுச் சிரித்தாள்.

“நாளைக்கு வேற தொப்பி போட்டுக்கிட்டு வந்து கேட்பேன். அந்தாளுக்கு அடையாளமா தெரியப்போகுது?”