மணல்திட்டு முதலை

"முதலை பாக்கணும்னா ஒகேனக்கல்ல பண்ணையே இருக்குதுங்களே" என்றார் பரிசல்காரர் சென்றாயன்.

ஆற்றில் கிடக்கிற முதலையைத்தான் பார்க்க வேண்டும் என்றாள் ராஜமேரி.

சென்றாயன் அவளையும், கூட வந்திருந்த அருள்நாதனையும் மாறி மாறிப் பார்த்தார். ஏரியூருக்கு அப்பால் கடைசி ஸ்டாப்பில் பஸ்ஸை விட்டு இறங்கி, கம்பங்காட்டு வழியே நடந்து வந்திருந்தார்கள். இருவர் காலிலும் செம்மண் புழுதி ஏறியிருந்தது.

அருள்நாதனுக்குப் பொம்மிடியில் தையல் கடை. ராஜமேரி அங்கே காஜா எடுக்கிறவள். பஸ்ஸில் இருவரும் தனித்தனி சீட்டில்தான் உட்கார்ந்து வந்தார்கள்.

அருள்நாதனுக்குத் தண்ணீர் என்றால் பயம். பரிசல் ஓரிடத்திலேயே வட்டமடிப்பதைப் பார்த்ததும், "நான் இங்கியே இருக்கறேன், நீ போய்ட்டு வா" என்று புங்கமர நிழலில் துண்டை விரித்துவிட்டார்.

அவள் தனியாக ஏறினாள்.

பங்குனி மாதம். காவிரி இளைத்துப்போய், நடுவில் நீளமாக ஒரு மணல்திட்டு மேலே வந்திருந்தது. அதில் மனிதக் காலடி ஒன்றுகூட இல்லை.

பரிசல் மணலில் முட்டியதுமே ஆலாப் பறவைகள் கூட்டமாக எழும்பி, தலைக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கத்தின.

"காலைப் பாத்து வைங்க. முட்டை கெடக்கும்."

கூடு என்று எதுவும் இல்லை. மணலில் சின்னச் சின்னக் குழிகள். அவற்றில் மணல் நிறத்திலேயே புள்ளி போட்ட முட்டைகள். ராஜமேரி சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தாண்டினாள். ஒரு பறவை இறங்கி வந்து அவள் கொண்டையைத் தட்டிவிட்டுப் போனது.

ஓரத்துப் பாறையில் வெயில் காய்ந்துகொண்டிருந்த ஆமைகள், அவர்கள் வரும் சத்தத்துக்குத் தொப்புத் தொப்பென்று தண்ணீரில் விழுந்தன. மீன் செதில் மின்னிய எச்சத்தைக் காட்டி, காலையில் நீர்நாய் வந்து போயிருக்கிறது என்றார் சென்றாயன்.

எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அவள் வந்தது அதற்கெல்லாம் அல்ல.

திட்டின் கடைசியில் அது கிடந்தது.

வெள்ளத்தில் அடித்து வந்த கட்டை என்றுதான் முதலில் நினைத்தாள். முதுகில் சேறு காய்ந்து வெடித்திருந்தது. வாய் திறந்தபடி இருந்தது.

கிட்டே போகாதீர்கள் என்று சென்றாயன் தடுப்பார் என்று எதிர்பார்த்தாள். அவர் நின்ற இடத்தில் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

ராஜமேரி நடந்தாள். வாய்க்குள் அருள்நிறை மரியே செபம் ஓடிக்கொண்டிருந்தது.

அதன் கண்ணுக்குள் நெடுக்காக ஒரு கோடு தெரிகிற தூரத்துக்குப் போனபோது, முதலை வாயை மூடியது. வயிற்றைத் தூக்கி, நான்கு காலிலும் எழுந்து நின்றது.

அவள் ஓடவில்லை.

முதலைதான் ஓடியது. சரசரவென்று மணலைக் கீறிக்கொண்டு போய்த் தண்ணீரில் விழுந்து காணாமல் போனது.

அது படுத்திருந்த இடம் ஈரமாக, அச்சு எடுத்ததுபோல இருந்தது. ராஜமேரி குனிந்து முழம் போட்டு அளந்து பார்த்தாள். வாலையும் சேர்த்து அவள் உயரம்கூட வரவில்லை.

"இதுதான் இங்க பெருசுங்களா?"

"இதுதானுங்க. இதுக்கு மேல இந்தப் பக்கம் கெடையாது. மீனைத் தின்னுட்டுக் கெடக்குதுங்க. எங்கப்பன் காலத்துல இருந்து ஒரு ஆளைத் தொட்டதில்லை."

சென்றாயன் புகையை விட்டார். பிறகு அவராகவே சொன்னார்.

"நாலு வருசம் முந்தி, எந்த ஊரோ ஆளு, முதலை இழுத்துட்டுப் போச்சுன்னு போலீஸ்காரங்க எழுதிட்டுப் போனாங்க. கரையில சட்டையும் செருப்பும் கெடந்துதாம். பொணமே கெடைக்கல. எங்களை யாரும் கேக்கல, நாங்களும் சொல்லல."

சொல்லிவிட்டு அக்கரையைப் பார்த்து முகத்தைத் திருப்பினார்.

அந்தப் பக்கம் ஆறு இன்னும் மெலிந்திருந்தது. ஒருவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடுகளை ஓட்டியபடி ஆற்றைக் கடந்துகொண்டிருந்தான். தண்ணீர் அவன் முழங்காலுக்குக் கீழேதான் இருந்தது. மேட்டில் கொளத்தூர் பஸ் புழுதி கிளப்பிக்கொண்டு புறப்பட்டது.

பஸ் கண்ணை விட்டு மறையும்வரை ராஜமேரி பார்த்துக்கொண்டு நின்றாள்.

அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. "போலாங்க" என்றாள்.

பரிசல் திரும்பியபோது அருள்நாதன் நிழலில் இல்லை. வேட்டி நனைய, கணுக்கால் தண்ணீரில் இறங்கி நின்றுகொண்டிருந்தார். முகம் வெளிறியிருந்தது. அவள் இறங்கக் கை கொடுத்தார்.

"பாத்தியா?"

"பாத்தேங்க."

"உன் வூட்டுக்காரரை இழுத்துட்டுப் போற அளவுக்கு இருக்குதா?"

பரிசலைக் கரையேற்றிக்கொண்டிருந்த சென்றாயன் அப்படியே நின்றுவிட்டார்.

புருஷன் பெரியநாயகம் இறந்தது அவள் மனசுக்கு நிச்சயம் என்றால், வருகிற ஞாயிறு பூசையில் இருவருக்கும் கல்யாண ஓலை வாசித்து ஊரறியச் சொல்வதாகப் பங்குச் சாமியார் சொல்லியிருந்தார். எங்கேயாவது உயிரோடு இருப்பார் என்று தோன்றினால், அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது என்றும் சொல்லியிருந்தார்.

ராஜமேரி சென்றாயன் பக்கம் திரும்பவில்லை. இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். தோள் வலிக்கும்வரை விரித்தாள்.

"இதுக்கும் பெருசுங்க" என்றாள்.