ஒரு குடம் தண்ணீர்

மந்தைக்குத் தலைவனாக நரி தேர்ந்தெடுத்தது செவலைக் கிடாவைத்தான். மாலை போட்டு, தலையில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றியது. கிடா சிலிர்த்துத் தலையை உதறியதும், "தலைவர் சம்மதித்துவிட்டார்!" என்று ஊளையிட்டது.

அதன்பின் நரிக்கு ஆட்டுக்குட்டி தேவைப்படும்போதெல்லாம் அதே குடம், அதே உதறல். 'நான் எங்கே சம்மதித்தேன்? தண்ணீர் குளிர்ந்தது, அவ்வளவுதானே' என்று செவலை தன்னைத் தேற்றிக்கொள்ளும்.

ஒருநாள் நரி கேட்டது, செவலையின் வயிற்றடியில் ஒண்டி நின்ற அதன் சொந்தக் குட்டியை. தண்ணீர் காதுக்குள் இறங்கியும் செவலை அசையவில்லை.

"என்ன தலைவரே, இன்றைக்குக் குளிரவில்லையா?"

நரி கோபப்படவில்லை. மாலையைக் கழற்றிப் பக்கத்திலிருந்த கருப்புக் கிடாவுக்குப் போட்டுவிட்டுக் குடத்தைத் தூக்கியது.

தண்ணீர் விழுவதற்கு முன்பே கருப்பு தலையை உதறியது.