கிளாக்கரய்யாவின் டீசல் வேன்

“டர்போ பைப்பக் கழட்டிக் காட்டுங்க,” என்கிறாள் தர்மிளா. அதை மட்டும் கேட்காதே என்று அப்பா பஸ்ஸிலேயே சொல்லியிருந்தார். வேனை விற்கும் கிளாக்கரய்யா, தோட்ட ஆபீஸ் கணக்கர், முப்பது வருடம் அப்பா வேலைக்கு வந்த நாளைக் குறித்துப் பேர் போட்டவர். இன்றும் அவர் வாசலில் அப்பா செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நிற்கிறார். “கெம்பஸ்ல இதுவுமா சொல்லிக் குடுத்தாங்க?” என்று சிரித்தபடி கிளாக்கர் பைப்பைக் கழற்றுகிறார். கஹவத்தை வெயில் பொனட்டுக்குள் விழுகிறது. அவள் விரலை விட்டு, இன்ஜினுக்குக் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவின் குட்டி விசிறியைத் தொடுகிறாள். சுழல மட்டுமே வேண்டியது, விழப்போகும் பல்லைப் போல ஆடி ஓரத்தில் உரசுகிறது. விரலெல்லாம் கறுப்பு எண்ணெய். “ஐயா நல்ல வண்டினு சொன்னா நல்ல வண்டிதாம்மா,” என்கிறார் அப்பா. இதில் ஸ்கூல் பிள்ளைகளை ஏற்றித்தான் அவர் இனிப் பிழைக்க வேண்டும். “டர்போ செத்துருச்சுங்க. வேணாம்,” என்கிறாள். அப்பாவின் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டி நடக்கிறாள்.