பொய்க்காட்சி

காலை பத்தேகாலுக்குப் படத்தைத் தவமணிக்குத் தனியாகப் போட்டுக் காட்டினார்கள். அமைச்சரின் காரில் குண்டு வெடித்த கதை. அந்தக் காரை ஓட்டி, அமைச்சரோடு செத்துப்போன சங்கரபாண்டி, தவமணியின் கணவர். நடிகர் யாரும் இல்லை. முப்பத்தொரு வருஷத்துக்கு முந்தைய அதே முகத்தோடும் குரலோடும், கணினியில் உருவாக்கப்பட்டு, அவரே திரையில் நடமாடினார். காட்சி பொய்யென்றால் குடும்பத்தார் கையெழுத்துப் போட்டு நீக்கிவிடலாம்.

படத்தில் சங்கரபாண்டி, கார் போகும் வழியைக் கொலைகாரர்களிடம் சொன்னார். பிறகு வீட்டுக்குள் வந்து, "தவமணி, சோறு போடு" என்றார்.

படத்தை நிறுத்தச் சொன்னாள் தவமணி.

"காட்டிக்கொடுத்தாகன்னு சொல்லுதது பச்சப் பொய் தம்பி. அவுக அப்படிப்பட்ட ஆளில்ல."

"அந்தக் காட்சிய முழுசா எடுத்துடறோம்மா," என்றான் படக் கம்பெனி அதிகாரி. "வேற ஏதாவது தப்பு இருக்கா?"

"சேந்து வாழ்ந்த பதினாறு வருசத்துல ஒருநாள்கூட என்னையப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்ல. 'ஏளா'ங்கதோட சரி."

அதிகாரி சிரித்தான். "அதுவும் அதே காட்சிதாம்மா. சேர்ந்தே போயிடும். இந்த இடத்துல கையெழுத்துப் போடுங்க."

பேனாவை வாங்கிக்கொண்டு தவமணி திரையையே பார்த்தாள்.

"போடுதேன் தம்பி. அதுக்கு முன்ன, அவுக என்னையக் கூப்பிட்டத மட்டும் இன்னொரு தடவ போடுதீயளா?"