பச்சைத் தலை வைத்தியம்

முகக்கவசமும் கறுப்புக் கண்ணாடியுமாக, கொள்ளையடிக்க வந்தவள் போல சலூனுக்குள் நுழைந்த அம்மாள், கதவைச் சாத்தச் சொல்லிவிட்டுத்தான் தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தாள். சாயம் போட்டு சாம்பல் நிறமாக வந்திருக்க வேண்டிய முடி, பாசி பிடித்த தொட்டி போலப் பச்சைப் பசேலென்று இருந்தது.

"வீட்லயே போட்டீங்களா மேடம்?" என்றாள் சலூன்காரப் பெண்.

"ஆமா. சரி பண்ண முடியுமா?"

"இதெல்லாம் ஒரு விஷயமே இல்ல. இருக்கறதுலயே ஸ்ட்ராங்கான நாப்பது வால்யூம் பெராக்சைடு கலந்து ப்ளீச் போட்டு, ஒரு மணி நேரம் ஊறவிட்டா போயிடும்."

"தலை எரியாதா?"

"எரிஞ்சாத்தான் வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

அவள் பிரஷ்ஷைக் கையில் எடுத்ததும் அம்மாள் தலையை இழுத்துக்கொண்டாள். "முதல்ல காதுக்குப் பின்னாடி ஒரு சொட்டு தடவி, ஒத்துக்குதான்னு பார்க்க மாட்டியா?"

"அதெல்லாம் பயந்தாங்கொள்ளிங்க பண்றது மேடம்."

"இந்த ஞானமெல்லாம் உனக்கு யார் குடுத்தது?"

"கலரக்கான்னு ஒருத்தங்க வீடியோ போடுவாங்களே, அவங்கதான். நான் தொழில் கத்துக்கிட்டதே அவங்களைப் பார்த்துத்தான்."

"அந்தப் பொம்பளைக்குத் தலைமுடியைப் பத்தி ஒரு மண்ணும் தெரியாது."

பெண்ணுக்குச் சுருக்கென்றது. "நாலு லட்சம் பேர் அவங்களைப் பார்க்கறாங்க. அவங்களைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?"

அம்மாள் முகக்கவசத்தையும் கண்ணாடியையும் கழற்றினாள்.

"எல்லாம் தெரியும். அந்தக் கலரக்கா நான்தான். முதல்ல பிரஷ்ஷைக் கீழ வை."