இஸ்திரிப் பெட்டிக்கு விழுந்த ஓட்டு

பொம்பளைங்க பூத்து மிஷினைத்தான் முதல்ல எடுத்து வெச்சாங்க.

கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நானும் என் வீட்டுக்காரரும் நின்னுக்கிட்டிருந்தோம். கவுன்சிலர் எலெக்‌ஷன்ல அவரு சுயேச்சை. சின்னம் இஸ்திரிப் பெட்டி. எண்ணுற இடத்துக்கு ஏஜென்ட்டா வர வேற நாதி இல்ல, அதனால நான்.

எங்க வார்டுல பொம்பளைங்களுக்கு ஒரு பூத்து, ஆம்பளைங்களுக்கு ஒரு பூத்து. மொத்தமே ரெண்டு மிஷின்தான்.

அந்த மிஷினை நெனச்சாதான் எனக்குப் பயம். ஏன்னா நான் அவருக்குப் போடல.

ஆமா, கட்டின புருஷனுக்கே போடல.

மத்தவங்க மட்டும் யோக்கியமான்னு கேட்டா, அதுவும் இல்ல. ஒருத்தரு ஏரியைத் தூர்த்து மனை போட்டு வித்தவரு. இன்னொருத்தரு குழாய் கனெக்‌ஷனுக்குக் கை நீட்டுனவரு. மூணாமவரு ஜெயிச்சாலும் தோத்தாலும் சென்னையிலதான் இருப்பாரு. "ஒருத்தனும் லாயக்கில்ல சரசு"ன்னு சொல்லிட்டுத்தான் எங்க வீட்டு அருணகிரி கிளம்புனாரு. நல்லா கிளம்புனாரு.

நாலாவதா நிக்கிற இவரு எப்படின்னு எனக்குத் தெரியாதா? கூடவே குடித்தனம் பண்றேனே.

தெரு சங்கத்துக்குத் தலைவரா இருந்தப்ப, யாரு எது கேட்டாலும் "ஆகட்டும், பார்த்துக்கலாம்"பாரு. அவங்க வீடு தேடி வந்துட்டா மட்டும், "இல்லைன்னு சொல்லிடு"ன்னு என்னை வாசலுக்கு அனுப்புவாரு.

ஒரு திங்கக்கிழமை எதிர்வீட்டு மணியம்மா வந்தாங்க. அவங்க வீட்டுக்குள்ள சாக்கடைத் தண்ணி ஏறுது. வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசுல மனு குடுக்கக் கூட வர்றேன்னு இவரு வாக்கு குடுத்திருந்தாரு. நல்ல புடவையா எடுத்துக் கட்டிக்கிட்டு வந்தாங்க, பாவம். இவரு உள்ள இட்லி சாப்பிட்டுக்கிட்டிருந்தாரு.

அவரு இல்லைங்களேன்னு வாய் கூசாம சொன்னேன். மணியம்மா வாசல்ல கிடந்த அவரு செருப்பைப் பார்த்தாங்க. கொஞ்ச நேரம் அதையே பார்த்தாங்க. அப்புறம் தனியா பஸ் ஏறப் போயிட்டாங்க.

அந்தச் செருப்புச் சமாச்சாரத்தை நான் இவருகிட்ட சொன்னதே இல்ல. சொல்லி என்ன ஆகப்போவுது.

ஓட்டுப் போடுற அன்னைக்கு அட்டை மறைப்புக்குள்ள நிக்கிறேன். யாரும் வேணாம்னு அமுக்க இந்த எலெக்‌ஷன்ல பட்டன் கிடையாது. இஸ்திரிப் பெட்டிக்கு நேரா விரலைக் கொண்டுபோனேன். மணியம்மா முகம் வந்து நின்னுச்சு. கண்ணை மூடிக்கிட்டு, பக்கத்துல இருந்த ஏரிக்காரரு பட்டனை அமுக்கிட்டேன்.

எப்படியும் பத்துப் பொம்பளைங்களாவது இவருக்குப் போட்டிருப்பாங்க, அதுல என்னுது இல்லாதது யாருக்குத் தெரியப்போவுதுன்னு ஒரு தைரியம்.

"இஸ்திரிப் பெட்டி, சைபர்"னு படிச்சாரு ஆபீசரு.

எல்லா ஏஜென்ட்டுங்களும் என்னைத் திரும்பிப் பார்த்தாங்க. ஒருத்தன் சிரிப்பை அடக்க முடியாம இருமினான். பூமி பிளந்தா உள்ள போயிடலாம்னு இருந்துச்சு எனக்கு. வீட்டுக்காரரு பக்கம் திரும்ப தைரியம் வரல.



ஆம்பளைங்க பூத்து மிஷின் வந்துச்சு. சரி, இதுல ரெண்டு ஓட்டாவது இருக்கும், மானம் கொஞ்சமாவது மிஞ்சும்னு மனசைத் தேத்திக்கிட்டேன். இவரு பேரை முன்மொழிஞ்ச முருகவேல் ஓட்டு ஒண்ணு, இவரு ஓட்டு ஒண்ணு.

அதுலயும் சைபர்னு படிச்சாங்க.

முருகவேல் கவுத்துட்டான்னுதான் முதல்ல நெனச்சேன். இவரு ஓட்டும் இல்லைங்கறது அப்புறம்தான் உறைச்சுது.

இவரும் என்கூடதான் ஓட்டுப் போட வந்தாரு. நான் இந்த வரிசை, அவரு அந்த வரிசை. இப்பவும் விரல்ல மை இருக்கு.

மெதுவா திரும்பினேன். அவரு மிஷினைப் பார்க்கல, என்னைத்தான் பார்த்துக்கிட்டிருந்தாரு. முகத்துல கோபம் இல்ல.

"பட்டன்மேல விரலை வெச்சுட்டேன் சரசு. அன்னைக்கு மணியம்மா என் செருப்பையே பார்த்துக்கிட்டு நின்னாங்களே, உள்ள இருந்து பார்த்தேன். அது ஞாபகம் வந்துடுச்சு."

ஹால் சத்தமெல்லாம் எங்கயோ போயிடுச்சு. தீபத்தன்னைக்கு மலைமேல ஜோதி ஏறுறப்ப வாயடைச்சு நிப்போமே, அப்படி நின்னேன். உடம்பு சிலிர்த்துப்போச்சு.

இந்த மனுஷனை எனக்குத் தெரியும்னு இத்தனை வருஷமா நெனச்சுக்கிட்டிருந்தேன். எதிர்ல தன்னோட பேரு, பார்க்க ஒருத்தரும் இல்ல, அப்பவும் நான் லாயக்கில்லைன்னு விரலை எடுத்திருக்காரு. இப்படி ஒரு ஆளைத்தானே நான் அந்த அட்டை மறைப்புக்குள்ள தேடிக்கிட்டு நின்னேன்.

அட மனுஷா, உன்னை விட்டுட்டு ஏரியை வித்தவனுக்குப் போட்டுட்டு வந்துட்டேனே.