செம்புக் கம்பி சுற்றிய கொலுசு

ஏரிக்கரைக் கொலை நடந்து பதினோரு ஆண்டுகள். அதில் செத்துப்போன கயல்விழியின் கைப்பேசிப் பதிவுகளைக் கொண்டு போலீஸ் கணினியில் உருவாக்கிய, கேட்டால் பதில் பேசும் அவள் முகமும் குரலும், வழக்கு முடியும்வரை ஸ்டேஷன் திரையில் இருக்கும். முடிந்த அன்றே அழித்துவிடுவார்கள். செவ்வாய்தோறும் அவள் தாய் பவுனம்மாள் வந்து மகளோடு பேசிவிட்டுப் போவாள்.

அன்று இன்ஸ்பெக்டர் தணிகைவேல் மேசைமேல் ஒரு கொலுசை வைத்தார்.

“ஆளு சிக்கிட்டான்மா. இது அவன் வீட்ல இருந்துச்சு. திரையில இருக்கிறவ சாட்சி செல்லாது. உங்க பொண்ணோடதுன்னு நீங்க சொன்னாத்தான் கேஸ் முடியும்.”

கொக்கி அறுந்த இடத்தில் பவுனம்மாளே சுற்றிய செம்புக் கம்பி அப்படியே இருந்தது.

“இது எம்பொண்ணுது இல்ல சார்.”

திரையிலிருந்து கயல்விழி எட்டிப் பார்த்தாள். “அம்மா, அது என் கொலுசும்மா. கம்பி நீதானே சுத்துன?”

“நீ சும்மா இருடி,” என்றாள் பவுனம்மாள்.